பெயர் எழுதும் பெட்டியில் நிரல் எழுதினால்

செட்டிநாட்டில் ஒரு பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் இணையதளத்தில் அறை முன்பதிவுக்கு ஒரு படிவம் இருக்கும். பெயர், போன் நம்பர், எத்தனை பேர், எந்தத் தேதி, அப்புறம் வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கும் ஒரு பெரிய பெட்டி. யாரோ ஒருவர் பெயர் கேட்ட இடத்தில் நான்கு வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரலை எழுதி அனுப்புகிறார். மற்ற முன்பதிவுகளோடு சேர்ந்து அதுவும் டேட்டாபேஸில் போய் உட்காருகிறது. அந்த நேரத்தில் எதுவும் நடப்பதில்லை. மறுநாள் காலை விடுதிக்காரர் அட்மினாக லாகின் செய்து, யார் யார் வருகிறார்கள் என்று பட்டியலைத் திறக்கிறார். பட்டியலைக் காட்டுவது ஒரு ப்ளகின், அதாவது தளத்தில் கூடுதல் வசதிக்காகச் செருகிய துணை மென்பொருள். வந்த பெயரை வெறும் எழுத்தாகக் காட்டியிருக்க வேண்டிய அது, அப்படியே பக்கத்தில் கொட்டிவிடுகிறது. பிரவுசருக்கு அது பெயராகத் தெரிவதில்லை, இயக்க வேண்டிய நிரலாகத் தெரிகிறது. இயக்கிவிடுகிறது.

இதைத்தான் கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் என்கிறார்கள். சுருக்கமாக எக்ஸ்எஸ்எஸ். இணையதளம் கட்ட உதவும் இலவச மென்பொருளான வேர்ட்பிரஸின் ப்ளகின்களில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளில் வருடா வருடம் பெரும்பங்கு இந்த வகைதான். உலகத்து இணையதளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன. நம் பக்கத்தில் சொல்லவே வேண்டாம். ஆத்தங்குடிக் கல் செய்பவர், கண்டாங்கிச் சேலை விற்பவர், தீபாவளிக்குக் கைமுறுக்கும் மனகோலமும் பார்சல் அனுப்பும் ஆச்சி, கானாடுகாத்தானில் அறை வாடகைக்கு விடுபவர், ஊர்ச் சங்கம் என்று யாருக்குத் தளம் வேண்டுமென்றாலும் தெரிந்த பையன் ஒருவன் வேர்ட்பிரஸை ஏற்றி, தளத்தின் தோற்றத்துக்கு ஒரு தீமைப் போட்டு, பத்துப் பதினைந்து ப்ளகின்களைச் செருகிக் கொடுத்துவிடுகிறான். அதில் தவறு ஒன்றும் இல்லை. அவன் போன பிறகு அந்த ப்ளகின்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் கவலை.

பிரவுசர் ஏன் இப்படி ஏமாறுகிறது? ஒரு பக்கம் அதற்கு வந்து சேரும்போது எல்லாமே ஒரே சரமாகத்தான் வருகிறது. தளத்தைக் கட்டியவர் எழுதிய பகுதி எது, வந்துபோன யாரோ நிரப்பிய பகுதி எது என்று பிரித்துச் சொல்லும் அடையாளம் உள்ளே இல்லை. அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்து முதலாளி எழுதிய கடிதத்தை வீட்டில் கணக்குப்பிள்ளை வாய்விட்டு வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் யாரோ, ‘இதைக் கொண்டுவருபவரிடம் பெட்டகச் சாவியைக் கொடுக்கவும்’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், கேட்கிறவர்களுக்கு எந்த வரி முதலாளியுடையது, எது இடையில் ஏறியது என்று எப்படித் தெரியும்? வாசிக்கிற குரல் ஒன்றுதானே.

பிரவுசருக்குள் நிரல் ஓடும் வசதி 1995இல் நெட்ஸ்கேப் கொண்டுவந்த ஜாவாஸ்கிரிப்டோடு வந்தது. 2000 பிப்ரவரியில் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்காவின் செர்ட் மையம் இந்த ஆபத்தைப் பற்றி முறையான எச்சரிக்கை வெளியிட்டது. 2005 அக்டோபரில் சாமி காம்கர் என்ற இளைஞர் மைஸ்பேஸ் தளத்தில் தன் சுயவிவரப் பக்கத்தில் ஒரு நிரலை ஒளித்துவைத்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்களின் கணக்கிலிருந்து அவருக்கு நட்பு அழைப்பு தானாகப் போனது. பார்த்தவரின் பக்கத்திலும் நிரல் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் முடிவதற்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் பரவி, மைஸ்பேஸ் தளத்தையே நிறுத்திச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. இவ்வளவு பழைய சங்கதி இன்னும் தீரவில்லை. மிக ஆபத்தான மென்பொருள் பலவீனங்கள் என்று மைட்டர் அமைப்பு வெளியிடும் 25 இடப் பட்டியலில், 2024இல் முதல் இடம் இதற்குத்தான்.

மூன்று வடிவங்களில் இது வரும். மேலே சொன்னதுபோல டேட்டாபேஸில் தங்கி, பார்க்கிறவர் வரும்வரை காத்திருப்பது முதல் வகை. மிக மோசமானது இதுதான், ஏனென்றால் பாதிக்கப்படுகிறவர் எந்த லிங்க்கையும் தொட வேண்டியதில்லை, தன் அன்றாட வேலையைச் செய்தாலே போதும். இரண்டாவது, லிங்க்குக்குள் நிரலை வைத்து, அதை அட்மினைத் தட்டவைப்பது. மூன்றாவது, சர்வருக்கே போகாமல் பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்டே தவறான இடத்தில் எடுத்துப் போட்டுக்கொள்வது. ப்ளகின்களில் முதல் இரண்டும்தான் பெரும்பாலும் அடிபடுகின்றன.

அட்மின் பார்க்கும்போது என்ன நடக்கிறது

இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

நிரல் ஓடினால் குக்கியை, அதாவது நீங்கள் லாகின் செய்திருப்பதற்கு அடையாளமாகப் பிரவுசர் வைத்திருக்கும் சீட்டை, திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். வேர்ட்பிரஸின் லாகின் குக்கியை ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் தாக்குபவருக்குக் குக்கி தேவையே இல்லை. அவருடைய நிரல் ஓடுவது உங்கள் பிரவுசருக்குள், உங்கள் தளத்தின் பெயரில், நீங்கள் லாகின் செய்திருக்கும்போது. அந்த நிரல் சத்தமில்லாமல் பின்னணியில் ‘புதிய பயனரைச் சேர்’ என்ற பக்கத்தைக் கேட்டு வாங்குகிறது. அந்தப் படிவத்துக்குள் வேர்ட்பிரஸ் ஒரு ரகசிய எண்ணை வைத்திருக்கும். வெளித்தளத்திலிருந்து யாரும் உங்கள் பெயரில் படிவம் அனுப்பிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. இங்கே நிரல் உள்ளேயே இருப்பதால், அந்த எண்ணைப் படித்து, படிவத்தை நிரப்பி, அட்மினிஸ்ட்ரேட்டர் என்று தேர்ந்தெடுத்து அனுப்பிவிடுகிறது. எல்லாம் ஓரிரு நொடிதான். திரையில் விடுதிக்காரர் பார்ப்பது முன்பதிவுப் பட்டியலை மட்டுமே. ஒரு வரியில் பெயர் காலியாக இருப்பதுபோல் தெரியலாம், அவ்வளவே.

இப்போது சர்வரின் பதிவேட்டைப் புரட்டினால், அந்தப் புதிய அட்மினை உருவாக்கிய ஐபி முகவரி விடுதிக்காரருடையதாகவே இருக்கும். பாஸ்வேர்டு எவ்வளவு நீளம் என்பது இங்கே கணக்கில் வராது, யாரும் அதை ஊகிக்கவில்லை. போனுக்கு ஓடிபி வரும்படி வைத்திருந்தாலும் உதவாது, அதையும் கொடுத்துத்தானே உள்ளே வந்திருக்கிறீர்கள். முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் பூட்டுச் சின்னமும் அப்படித்தான். வழியில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்று அது சொல்கிறதே தவிர, வந்த பக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. ‘நாங்கதான் ஸ்ட்ராங் பாஸ்வேர்டு வெச்சிருக்கமே’ என்று நம்பிக்கையோடு சொல்பவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். செய்யச் சொன்னதையெல்லாம் அவர்கள் செய்திருக்கிறார்கள், ஆனால் இந்த வாசல் வேறு பக்கம் இருக்கிறது.

அட்மின் கணக்கு ஒன்று கிடைத்துவிட்டால் அடுத்தது எளிது. ப்ளகின் என்ற பெயரில் தன் கோப்பை ஏற்றலாம். வேர்ட்பிரஸுக்குள்ளேயே இருக்கும் கோப்புத் திருத்தியைத் திறந்து தீமின் நிரலை மாற்றலாம். அந்த நிமிடத்தோடு இது பிரவுசர் பிரச்சினை என்ற எல்லையைத் தாண்டி சர்வர் முழுக்கக் கைமாறிய பிரச்சினையாகிறது. பக்கத்தில் ஒரு சின்னச் சாளரம் எட்டிப்பார்க்கும் தொந்தரவுதானே என்று எக்ஸ்எஸ்எஸ்ஸை இளப்பமாகப் பேசுகிறவர்கள் உண்டு. செய்துகாட்டுபவர்கள் ஆராய்ச்சிக்காக ஒரு அறிவிப்புச் சாளரத்தை எழுப்பிக் காட்டுவதால் வந்த எண்ணம் அது. தாக்குபவர்கள் எந்தச் சாளரத்தையும் எழுப்புவதில்லை.

உலக அளவில் நடந்த சிலவற்றைப் பார்க்கலாம். தளத்தை வேகமாக்கப் பலரும் போடும் லைட்ஸ்பீட் கேஷ் ப்ளகினில், லாகின் இல்லாத யார் வேண்டுமானாலும் அனுப்பும் ஒரு மதிப்பு, அட்மின் பக்கத்தின் தலைப்பகுதியில் வரும் அறிவிப்புக்குள் வடிகட்டப்படாமல் போய்க்கொண்டிருந்தது. அறிவிப்பு என்பதால் அட்மின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நிரல் ஓடும். சிவிஇ-2023-40000 என்பது அதன் பதிவு எண். 2023 அக்டோபரிலேயே 5.7.0.1 பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் விவரம் வெளியானது. 2024 மே மாதம் தாக்குதல் அலையாக வந்தது. திருத்தம் வந்து ஏழு மாதம் ஆன பிறகும் பழைய பதிப்பிலேயே இருந்த தளங்களைத் தேடித்தேடி அடித்தார்கள். ‘டபிள்யூபிசப்-யூசர்’ என்பதுபோல், ஏதோ தொழில்நுட்ப உதவிக்கான கணக்கு என்று நம்பும்படியான பெயரில் அட்மின்கள் முளைத்தார்கள்.

அதே மாதத்தில் ஃபாஸ்ட்லி என்ற இணையச் சேவை நிறுவனம் மூன்று ப்ளகின்களின் ஓட்டைகள் வழியாக ஒரே மாதிரித் தாக்குதல் நடப்பதாக எச்சரித்தது. அவற்றில் ஒன்று டபிள்யூபி ஸ்டாடிஸ்டிக்ஸ். எத்தனை பேர் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று கணக்கு காட்டும் ப்ளகின், ஆறு லட்சம் தளங்களில் இருந்தது. இதில் தாக்குபவர் எந்தப் படிவத்தையும் நிரப்பவில்லை. முகவரியின் வாலில் நிரலை ஒட்டித் தளத்துக்கு ஒரு முறை வந்துபோனால் போதும். வந்துபோன முகவரியை ப்ளகின் கவனமாகக் குறித்துவைத்துக்கொள்ளும். உரிமையாளர் ஆசையாகப் பார்வையாளர் கணக்கைத் திறந்தால் குறித்துவைத்தது ஓடும். படிவமே இல்லாத தளம், நான்கு படமும் ஒரு போன் நம்பரும்தான் இருக்கிறது, நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். உங்கள் தளம் வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும் எதுவும், வந்தவரின் பிரவுசர் பெயர் உட்பட, ஒருவகையில் படிவம்தான்.

வேகத்துக்கு இன்னொரு உதாரணம். அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்ற ப்ளகினில் லிங்க் வழி எக்ஸ்எஸ்எஸ் இருந்தது. 2023 மே தொடக்கத்தில் 6.1.6 பதிப்பில் திருத்தினார்கள். எப்படித் தாக்கலாம் என்ற செய்முறை வெளியான 24 மணி நேரத்துக்குள், அதே செய்முறையை அப்படியே நகலெடுத்து இணையம் முழுக்கத் தளங்களைத் துழாவிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அகமாய் என்ற இணையச் சேவை நிறுவனம் பதிவுசெய்தது. ஒரு நாளுக்குள் வரும் தாக்குதல், ஏழு மாதம் போடப்படாத அப்டேட். இந்த இரண்டுக்கும் இடையில்தான் சிறு தளங்கள் மாட்டிக்கொள்கின்றன.

எழுதுகிறவர்கள் ஏன் வழுக்குகிறார்கள்

ப்ளகின் எழுதுகிறவர்கள் அலட்சியக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பலர் தனியாளாக, சம்பளமின்றி, இரவில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள். செய்ய வேண்டியது என்ன என்பதும் எளிதுதான். வெளியிலிருந்து வந்த எழுத்தைத் திரையில் காட்டும் கடைசிக் கணத்தில், கோண அடைப்புக்குறி, மேற்கோள்குறி போன்றவற்றைப் பிரவுசர் வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும் மாற்று வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். எஸ்கேப் செய்வது என்பார்கள். வேர்ட்பிரஸிலேயே அதற்கான ஃபங்ஷன்கள் தயாராக இருக்கின்றன. சிக்கல் எங்கே என்றால், அந்த எழுத்து பக்கத்தில் எந்த இடத்தில் போய் விழுகிறது என்பதைப் பொறுத்துச் செய்ய வேண்டிய மாற்றமும் மாறும். பத்திக்குள் விழுந்தால் ஒன்று, ஒரு டேகின் (பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் கோண அடைப்புக் குறியீட்டின்) உள்ளே பண்புமதிப்பாக விழுந்தால் இன்னொன்று, லிங்க் முகவரியாக விழுந்தால் வேறொன்று, ஜாவாஸ்கிரிப்டுக்கு நடுவில் விழுந்தால் முற்றிலும் வேறு.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றைச் சொல்கிறேன். எழுத்து உள்ளே வரும்போதே டேகுகளை நீக்கிச் சுத்தம் செய்யும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அது டேகை நீக்கும், மேற்கோள்குறியைத் தொடாது. அந்த மதிப்பு ஒரு டேகின் பண்புக்குள் போய் விழும்போது, தாக்குபவர் முதலில் ஒரு மேற்கோள்குறியை வைத்துப் பண்பை மூடிவிட்டு, பக்கத்திலேயே ‘சுட்டி மேலே வந்தால் இதை ஓட்டு’ என்று புதிய பண்பைச் சேர்த்துவிடலாம். கோண அடைப்பே தேவைப்படவில்லை. ஷார்ட்கோடு (கட்டுரைக்குள் எழுதினால் ப்ளகினின் வசதியைக் கொண்டுவரும் சின்னக் குறியீடு) கொடுக்கும் ப்ளகின்களில் இந்த ஓட்டை கொத்துக்கொத்தாகக் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்த, கட்டுரை எழுதி ஒப்புதலுக்கு அனுப்பும் கான்ட்ரிபியூட்டர் கணக்கு இருந்தாலே போதும்.

2015 ஏப்ரலில் இன்னும் சுவாரசியமான ஒன்று வெளிவந்தது. முகவரியில் புதிய பகுதியைச் சேர்க்கும் வேர்ட்பிரஸ் ஃபங்ஷன் ஒன்று, கொடுத்ததைத் தானே எஸ்கேப் செய்துவிடும் என்று ஊர்முழுக்க நம்பியிருந்தார்கள். செய்வதில்லை. அதிகாரபூர்வ ஆவணத்தில் அது தெளிவாக எழுதப்படாததால் வந்த நம்பிக்கை. ஜெட்பேக், யோஸ்ட், கிராவிட்டி ஃபார்ம்ஸ் என்று பெரிய பெயர்களெல்லாம் அதில் சிக்கின. எல்லோரும் சேர்ந்து பேசிவைத்து ஒரே நாளில் திருத்தம் வெளியிட்டார்கள். திறமை குறைந்தவர்கள்தான் இந்தத் தவறைச் செய்வார்கள் என்ற எண்ணத்தை இது ஒன்றே போக்கிவிடும்.

அனுமதிச் சோதனையிலும் இப்படி ஒரு மயக்கம் இருக்கிறது. ‘இவர் அட்மினா’ என்று கேட்பதுபோல் பெயர் கொண்ட ஃபங்ஷன் ஒன்று உண்டு. அது உண்மையில் சொல்வது, வந்த கோரிக்கை அட்மின் பகுதிப் பக்கத்துக்கானதா என்பதை மட்டும். அட்மின் பகுதியில் சில பக்கங்கள் லாகின் இல்லாதவர்களுக்கும் பதில் சொல்லும். அதனால், அமைப்புகளை மாற்றும் வேலைக்கு முன் இந்தச் சோதனையை மட்டும் வைத்த ப்ளகின்களில், தெருவில் போகிறவர் யாரும் அமைப்புகளை மாற்றிவிடலாம். மாற்றிய அமைப்புக்குள் நிரலை வைத்தால், எல்லாப் பக்கத்திலும் ஓடும் எக்ஸ்எஸ்எஸ் ஆகிவிடும். அனுமதி ஓட்டையும் எஸ்கேப் ஓட்டையும் கைகோக்கும்போது வருவதுதான் மிகப் பெரிய சேதம்.

காசு கொடுத்து வாங்கும் தீம்களோடு கூடவே வரும் ப்ளகின்கள் தனிக் கதை. செய்தித் தளங்கள் விரும்பி வாங்கும் நியூஸ்பேப்பர் தீமோடு டேக்டிவ் கம்போஸர் என்ற ப்ளகின் வரும். அதில் இருந்த எக்ஸ்எஸ்எஸ் வழியாக 2023 செப்டம்பரில் பலாடா இன்ஜெக்டர் என்ற கும்பல் ஆயிரக்கணக்கான தளங்களுக்குள் புகுந்தது. இப்படிப்பட்டவை வேர்ட்பிரஸின் பொதுக் களஞ்சியத்தில் இல்லாததால், லைசென்ஸ் முடிந்துவிட்டால் அப்டேட் வருவது நின்றுவிடும். அதைவிட மோசம், லைசென்ஸே இல்லாமல் எங்கிருந்தோ இறக்கிய திருட்டுத் தீம். முதல் நாளிலிருந்தே அதற்கு அப்டேட் கிடையாது, உள்ளே யார் எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதும் தெரியாது. குறைந்த விலைக்குத் தளம் கட்டிக் கொடுக்கிறேன் என்பவரிடம் தீமின் லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். பதிலிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

நம் ஊர்த் தளங்கள்

காரைக்குடிப் பக்கம் சிறு தொழில் தளங்களைப் பராமரிப்பது என் வேலை. பலகாரம் விற்கும் ஒரு ஆச்சி தீபாவளி நெருக்கத்தில் போன் செய்தார். “தம்பி, நம்ம சைட் எனக்கு நல்லாத்தான் வருது. பினாங்குல மருமக தொறந்தா ஏதோ பரிசு விழுந்திருக்குன்னு வேற பக்கத்துக்குப் போகுதாம். அவ போனுதான் கெட்டுப்போச்சோ?” மருமகள் போனில் ஒன்றும் இல்லை. இப்படி உள்ளே புகுந்த நிரல்கள், லாகின் செய்திருப்பவருக்குத் தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. கூகுள் தேடலிலிருந்து, போனில் வரும் புதியவரை மட்டும் வேறு தளத்துக்குத் தள்ளும். உரிமையாளர் தினமும் பார்த்தாலும் சந்தேகமே வராது. வாடிக்கையாளர் வந்து சொன்னால்தான் உண்டு. பெரும்பாலானவர்கள் சொல்லமாட்டார்கள், வேறு கடைக்குப் போய்விடுவார்கள். தேடிப் பார்த்ததில், கருத்து எழுதும் ப்ளகின் ஒன்று பழைய பதிப்பிலேயே கிடந்தது. ஆர்டர் குவியும் பருவத்தில் ஆச்சி அட்மின் பக்கத்தை நாள் முழுக்கத் திறந்தே வைத்திருக்கிறார். தாக்குபவருக்கு வேண்டியது அதுதான்.

நம் பகுதிக்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது. வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், விடுதியை இங்கே மேனேஜர் பார்த்துக்கொள்வார், தளத்தைக் கட்டியவர் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போயிருப்பார். மூவருக்கும் ஒரே அட்மின் கணக்கு, ஒரே பாஸ்வேர்டு, அதுவும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியது. அக்டோபர் முதல் மார்ச் வரை விருந்தினர் வரும் காலத்தில் மட்டும் தளத்தைத் திறப்பார்கள். கோடையில் வெளியான ஓட்டைக்கு அதுவரை யாரும் அப்டேட் போட்டிருக்கமாட்டார்கள்.

சங்கத் தளங்களை நினைத்தால்தான் எனக்கு அதிகப் பயம். நகரத்தார் சங்கத் தளங்கள் சிலவற்றில் ‘புள்ளி’ விவரம், அதாவது குடும்பக் கணக்கு, இருக்கும்: குடும்பத் தலைவர் பெயர், ஒன்பது நகரக் கோயில்களில் எது, எந்தப் பிரிவு, பூர்வீக ஊர், இப்போதைய முகவரி, போன். திருமணப் பதிவு இருந்தால் பிள்ளைகளின் படமும் ஜாதகமும் படிப்பும் சேரும். திருட்டு போன பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம். ஒரு பெண்ணின் பிறந்த தேதியையும் நட்சத்திரத்தையும் வீட்டு முகவரியையும் எப்படி மாற்றுவது? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தகவலைச் சேகரித்து வைத்திருப்பவர்தான் அதைக் காக்கும் பொறுப்பாளி. தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஊர்ச் சங்கத்துக்கு அந்த உச்சத் தொகை விதிப்பார்கள் என்று சொல்லவரவில்லை. பொறுப்பு தளம் கட்டிய பையனுடையது அல்ல, சங்கத்துடையது என்பதைச் செயலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, என்னதான் செய்வது? முதலில் ப்ளகின் பட்டியலைத் திறந்து, பயன்படுத்தாதவற்றை நீக்குங்கள். செயலிழக்கச் செய்து வைப்பதோடு நிறுத்தாமல் அழித்தேவிடுங்கள். பொங்கலுக்கு ஒரு தள்ளுபடி அறிவிப்புப் போடுவதற்காக ஏற்றிய பாப்அப் ப்ளகின் அடுத்த பொங்கல் வரை அங்கே இருக்க வேண்டியதில்லை. மிச்சமிருப்பவற்றில் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்று பாருங்கள். ஆசிரியர் கைவிட்டு, களஞ்சியத்திலிருந்தே நீக்கப்பட்ட ப்ளகின் உங்கள் தளத்தில் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். அட்மின் பலகை அதைச் சத்தமாகச் சொல்வதில்லை, நீங்களேதான் போய்ப் பார்க்க வேண்டும்.

அடுத்து, தானியங்கி அப்டேட். 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பிலிருந்து ஒவ்வொரு ப்ளகினுக்கும் இதை ஆன் செய்யும் வசதி இருக்கிறது. தளம் கலைந்துவிடும் என்று பயந்து பலர் செய்வதில்லை. அந்தப் பயம் நியாயமானதுதான், நானும் கலைந்த தளங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தினசரி பேக்அப் இருந்தால் கலைந்த தளத்தை ஒரு மணி நேரத்தில் மீட்கலாம். 2024இல் வந்த 6.6 பதிப்பிலிருந்து, தானியங்கி அப்டேட் தளத்தையே நிறுத்திவிடும் அளவுக்குப் பிழையானால் வேர்ட்பிரஸ் பழைய பதிப்புக்குத் தானே திரும்பிவிடுகிறது. ஒரு மணி நேரக் கலைப்பையும் கைமாறிய சர்வரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சிறு தளங்களுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பணப் பரிவர்த்தனை நடக்கும் பெரிய கடை என்றால் தனி நகலில் சோதித்துப் போடட்டும், அதற்கு ஆள் வைத்திருப்பார்கள்.

கணக்குகளைப் பிரிப்பதுதான் எக்ஸ்எஸ்எஸ்ஸுக்கு எதிராக மிகவும் பலன் தரும் காரியம். அதைத்தான் யாரும் செய்வதில்லை. நிரலுக்குக் கிடைக்கும் அதிகாரம், பார்க்கிறவருக்கு இருக்கும் அதிகாரம் மட்டுமே. ஆர்டர் பார்க்கிறவருக்கு, இணையக் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் ப்ளகினின் ஷாப் மேனேஜர் கணக்கு போதும். அந்தக் கணக்கிலிருந்து புதிய அட்மினை உருவாக்கவோ ப்ளகின் ஏற்றவோ முடியாது. பொருள் விவரத்தை மாற்றிக் குழப்பலாம், அந்த ஆபத்து மிச்சம் இருக்கிறது, ஆனால் சர்வர் தப்பிக்கும். அட்மின் கணக்கை அப்டேட்டுக்காக மட்டும், தனி பிரவுசரில் திறந்து, வேலை முடிந்ததும் லாகவுட் செய்துவிடலாம். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தால் உள்ளேயிருந்து நிரல் கோப்புகளைத் திருத்தும் வசதி மூடப்படும். தளம் கட்டுகிறவர் இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

தளம் கட்டுவதற்குப் பேசும் தொகையிலேயே வருடாந்திரப் பராமரிப்பையும் சேர்த்துப் பேசி, என்னென்ன செய்வார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டொமைனும் (தளத்தின் பெயர்) ஹோஸ்டிங்கும் (தளம் இருக்கும் சர்வர் இடம்) புதுப்பிப்பதையே பராமரிப்பு என்று சொல்லிக் காசு வாங்குகிறார்கள். எந்த ப்ளகின் எப்போது அப்டேட் ஆனது என்று மாதம் ஒரு குறிப்பு கேட்டால் தருபவரா என்று பார்த்து வேலையைக் கொடுக்கலாம்.

ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று தெரிந்தால், பலரும் முதலில் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். பொறுங்கள். ஓட்டையான ப்ளகின் இருக்கும்போது புது பாஸ்வேர்டோடு உள்ளே போய் அதே பட்டியலைத் திறந்தால், அதே நிரல் மறுபடி ஓடும். முதலில் ஹோஸ்டிங் பலகை வழியாக, வேர்ட்பிரஸுக்குள் நுழையாமலேயே, அந்த ப்ளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றி அதை நிறுத்துங்கள். அப்புறம் டேட்டாபேஸில் பயனர் அட்டவணையை நேரடியாகப் பாருங்கள். அட்மின் பக்கத்தின் பயனர் பட்டியலில் தம்மை மறைத்துக்கொள்ளும் கணக்குகள் அங்கே தெரியும். தெரியாத கணக்கை நீக்கி, சேமிக்கப்பட்ட பதிவுகளில் ஸ்கிரிப்ட் டேகைத் தேடி எடுத்து, நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலையும் பாருங்கள். அதில் ஒன்றை விட்டுவிட்டால் துடைத்ததெல்லாம் இரவோடு இரவாகத் திரும்ப வந்துவிடும். வேர்ட்பிரஸின் மூலக் கோப்புகளையும் ப்ளகின்களையும் புதிதாக இறக்கி மாற்றிவையுங்கள். அமைப்புக் கோப்பில் இருக்கும் ரகசிய வரிகளைப் புதிதாக்கினால் உள்ளே இருக்கும் எல்லோருடைய லாகினும் ஒரே நேரத்தில் முடிந்துபோகும், திருடனுடையதும் சேர்த்து. பாஸ்வேர்டு மாற்றுவது அதற்குப் பிறகுதான், தளத்துடையது, டேட்டாபேஸுடையது, ஹோஸ்டிங்குடையது என எல்லாவற்றையும். நடந்ததைத் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் சைபர் சம்பவங்களை இந்தியாவின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்திருக்கிறது. ஆகவே பதிவேட்டுக் கோப்புகளை அழித்துவிடாமல், துடைக்கத் தொடங்கும் முன்பே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.